கொழும்பில் ஒரு சீட்

"எங்கம்மா செத்துட்டாங்க மேடம்!"

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று நிலவனுக்கு உறைத்தது. எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் அவன் அம்மா கல்லு மாதிரி இருக்கிறாள். நாளைக் காலை அவனுக்கு நிச்சயதார்த்தம்.

கத்தாரிலிருந்து வருபவன் கொழும்பில் விமானம் மாற வேண்டும். மாற வேண்டிய சென்னை விமானம் திடீரென்று ரத்து. ஏற்கெனவே லீவு கிடைக்காமல் ஒருமுறை தேதி தள்ளிப்போனதில் பெண் வீட்டுக்குக் கோபம். "இந்த வாட்டியும் மாப்ள வரலேன்னா வேற எடம் பாத்துக்குவோம்" என்று பெண்ணின் மாமா சொல்லியே அனுப்பியிருந்தார்.

கவுண்டர் பெண் நிமிர்ந்தாள்.

"மத்தியான ஃப்ளைட்டில ஒரு சீட்தான் இருக்கு தம்பி. அதுவும் உங்களுக்கு முன்னால நிக்கிற ஐயாவுக்கு. மற்ற ஆக்களுக்கு நாளைக்குத்தான்."

அந்த ஐயா திரும்பினார். பெயர் பரசுராமன், காசிமேட்டுக்காரர், துபாயில் டிரைவர் என்று வரிசையில் நிற்கும்போதே பேசித் தெரிந்திருந்தது. நிலவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்மாவா? இன்னா ஆச்சி?"

"நெஞ்சு வலிண்ணா." ஒரு பொய் இன்னொரு பொய்யை இழுத்துக்கொண்டு வந்தது.

"எம்மா, என் சீட்ட இந்தத் தம்பிக்குப் போட்டுடு."

"ஐயா, நீங்களும் அவசரம் எண்டு..."

"பரவால்ல, போடும்மா."

சீட்டு கைக்கு வந்ததும் நிலவன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினான்.

ஓடினானே தவிர, கேட் அருகே உட்கார முடியவில்லை. எழுந்தான், நடந்தான், திரும்பவும் உட்கார்ந்தான். போன் அடித்தது. அம்மா.

"நைனா, எங்க கீற? பொண்ணு வூட்ல கேட்டுகினே கீறாங்க."

"வந்துகினே கீறேம்மா." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான். சட்டென்று போனை வைத்தான்.

விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைத் தொடவில்லை. பாவம் அந்த மனுஷன், ஒருநாள் முழுக்க அங்கே கிடக்க வேண்டும். அவர் வீட்டில், 'நாளைக்கு வந்துடுவாரு' என்று ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போனால் மனசு ஆறும். எண்ணூர் போகிற வழிதானே?

சாயங்காலம் காசிமேட்டில் டாக்சியை நிறுத்தி, "பரசுராமன் வூடு எது?" என்று விசாரித்தான்.

வழியில் நின்ற ஆள் ஒரு சந்துப் பக்கம் கை காட்டினான்.

அங்கே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஷாமியானாவுக்குக் கீழே ஐஸ் பெட்டியில் ஒரு வயசான அம்மா. பூ ரதம் தயாராக நின்றது.

"யாரு தம்பி? நான் பரசுராமனோட தம்பி ஜெகதீசன்," என்று ஒருவர் வந்தார். "அண்ணன் வரும்னுதான் இவ்ளோ நேரம் வெச்சிருந்தோம். பெத்த அம்மா மொகத்தப் பாக்கக் குடுத்து வெக்கல அதுக்கு. இனிமே தாங்காது, எடுக்கப் போறோம்."

நிலவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா... அவுரு சீட்டுல வந்தவன் நான்தான். எங்கம்மா செத்துட்டாங்கன்னு அவுருகிட்ட..."

ஜெகதீசன் அவன் தோளில் கை வைத்தார்.

"தெரியும் தம்பி. அண்ணன் போன்ல எல்லாம் சொல்லிச்சி. 'அந்தப் புள்ள சொன்னது பொய்டா. அம்மா செத்தவன் மூஞ்சி எப்டி இருக்கும்னு எனுக்குத் தெரியாதா? உசுரோட கீறவங்க யாரோ அவனுக்காகக் காத்துகினு கீறாங்க போல, மொதல்ல அவன் போவட்டும்'னு."