முழு விலை

கடைவாசல் கேமரா முகத்தைப் பார்த்தே ஆசையை அளந்து கூப்பன் தரும். ஆசை குறைந்தால் தள்ளுபடி கூடும். அதனால் பொள்ளாச்சியில் இப்போது பொருள் வேண்டுபவர் யாரும் கடைக்குப் போவதில்லை, வேண்டாதவரைத்தான் அனுப்புகிறார்கள்.

பூங்கோதையின் புடவைகளை வாங்கி வருவது அவள் கணவன் ஞானசேகர். துணிக்கடையில் கொட்டாவி விடும் அவனுக்கு எப்போதும் எழுபது சதவீதத் தள்ளுபடி. அந்த பில்லைத் தெருவெல்லாம் காட்டுவாள்.

இந்தத் தீபாவளிப் புடவைக்கு முழு விலை.

"ஏனுங்க, ஒரு ரூபா கூடவா குறைக்கல?"

"கேமரா முன்னாடி நிக்கறப்ப, நீ இதக் கட்டீட்டு வர்ற மாதிரி நெனச்சுட்டேன் கண்ணு."

புடவையை அப்படியே போட்டுவிட்டு, பில்லோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள் பூங்கோதை.