குண்டூசிப் பூதத்தின் குரல்

"மார்க்கெட், தபால் ஆபீஸ், பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் ஏறிக்கோங்க! படியில நிக்காதீங்க, உள்ளே போங்க, உள்ளே போங்க!"

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. கணீரென்று, ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

என் அப்பாவின் குரல். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பி இறக்கிவிடும் குரல்.

ஆனால் பக்கவாதம் வந்ததிலிருந்து, ஒன்றரை வருஷமாக அப்பாவுக்கு நாக்கு குழறும். இன்று காலையில்கூடத் தண்ணி கேட்பதற்குள் மூன்று தடவை திணறினார்.

பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் அவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது தெருமுனை ஆட்டோக்காரர். இன்று திரும்பும் நேரத்தில் வண்டி பஞ்சர் என்று போன் செய்தார். அதனால்தான் நான் வந்தேன்.

பயிற்சி அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கையில் நாளைய ஒலிப்பதிவுக்கான தாள்.

நான் டப்பிங் பேசுகிறவன். குழந்தைகளுக்கான தொடர். ஓர் இளவரசி, ஒரு பறக்கும் ஓடம், ஏழு மந்திரத் தீவுகள். நான் இளவரசனா என்று கேட்டால், அட போங்க! இளவரசியின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடும் பயந்தாங்கொள்ளிப் பூதம் நான். ஆள் மலை மாதிரி இருப்பான், பெயர் குண்டூசி.

மூன்றாவது பாகத்திலேயே அவனை மலைப்பாம்பு விழுங்கிவிடுவதாகத்தான் எழுதியிருந்தார்கள். அதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன்.

அப்பாவின் குழறலை எடுத்து அவன் வாயில் வைத்தேன்.

வாக்கியத்தின் பாதியில் மாட்டிக்கொண்டு முக்குவது, கடைசிச் சொல் மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுவது, எல்லாம் அப்படியே. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாம்பு குண்டூசியைத் துப்பிவிட்டது. நாளைக்கு நாற்பதாவது பாகம். எனக்கு வேறு வேஷமும் கிடையாது.

தாள் கைக்கு வந்ததும் அப்பாவிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பேன். எனக்கு வேண்டிய சொல் அவர் வாயில் வரும்படி எதையாவது கேட்பேன். சட்டைப்பைக்குள் போன் பதிவாகிக்கொண்டிருக்கும். பெற்ற அப்பனின் நாக்கைத் திருடுகிறவன் எவனாவது இருப்பானா? நான் இருந்தேன்.

வீட்டில் என் மகள் தொடரைப் போட்டால் அப்பாவும் வந்து உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பார். "தாத்தா மாதிரியே பேசுதுப்பா" என்றாள் அவள் ஒரு நாள். ஒரு அதட்டு அதட்டி அவள் வாயை அடைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. சொல்ல வாய் கூசுகிறது. போன வருஷம் சமையலறையில் மனைவியிடம், "அப்பாவுக்குச் சரியாயிட்டா குண்டூசி பாடு அதோகதிதான்" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்றேன்.

அப்பா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அப்படித்தான் நினைத்தேன்.

கதவு திறந்தது. பயிற்சி தரும் பெண்மணி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"மகனா? எட்டு மாசமா அப்பா இப்படித்தானே ஜம்முனு பேசறார். இனிமே வரவேண்டாம்னு சொன்னாலும் கேக்கறதில்ல. இங்க வந்தாத்தான் வாய் நிறைய பேச முடியுதாம்."

அவருக்குப் பின்னால் அப்பா நின்றார். என்னைப் பார்த்த கணமே அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"ஆ... ஆட்டோ..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு நிமிரத் துணிவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலாம் போலிருந்தது.

அப்பா வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளை என் கையிலிருந்து உருவினார். குண்டூசியின் வசனத்துக்குக் கீழே நான் போட்டிருந்த சிவப்புக் கோட்டில் விரல் வைத்துப் படித்தார். 'கதவைத் திறக்காதீங்க, இளவரசி!'

பிறகு என்னிடம் பேசினார். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக, ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

"இதைப் பயந்து சொல்லணுமாடா, அழுதுகிட்டு சொல்லணுமா?"

பயந்து என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குத்தான் வார்த்தை வரவில்லை. எப்படியோ அவருக்குப் புரிந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆனால் தொடங்கவில்லை. என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனை வெளிய எடுத்து வைடா. பைக்குள்ள இருந்தா சரியா விழாது."