நாற்பத்தைந்து கிலோ

ஜியு-ஜிட்சு மல்யுத்தக் கூடத்தின் ஜன்னல் கம்பி நிழல்கள் பயிற்சி மெத்தையின் மேல் நீளமாகக் கிடக்கின்றன. மல்லாந்திருக்கும் பயிற்சி ஜோடியான வெல்டரின் நெஞ்சுக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடக்கிறாள் நர்ஸ். தோற்றேன் என்பதுபோல் அவர் அவள் முதுகில் இரண்டு தட்டு தட்டுகிறார். கண் என்னவோ சுவர்க் கடிகாரத்தில் இருக்கிறது. அவளுக்குச் சுர்ரென்று ஏறுகிறது.

"எத்தனை நாளா இப்படிச் சும்மா தட்டுறீங்க?"

"மூணு வாரமா. நீ இருக்கறதே நாப்பத்தஞ்சு கிலோம்மா, பாவம்னுதான்..."

"வார்டுல என் கழுத்தைப் பிடிச்சவன் பாவம் பாக்கலண்ணே."

பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் அவரை அமுக்குகிறாள். அவர் அசையவேயில்லை. "கோபத்தைக் கையில வைக்காத, முட்டியைத் தூக்கு!" என்று பயிற்சி தரும் அக்கா சுவரோரத்திலிருந்து கத்துகிறாள். நர்ஸ் முழங்கால்களைத் தரையிலிருந்து எடுக்கிறாள். கால்விரல்களை மட்டும் ஊன்றி, உடம்பின் கனம் முழுவதையும் தன் நெஞ்செலும்பு வழியாக அவர் மேல் இறக்குகிறாள். அவர் மூச்சை விடும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் இறங்குகிறாள். அவர் காதுமடல் சிவக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. உள்ளங்கை படபடவென்று அவள் முதுகில் அடிக்கிறது. அவள் சட்டென்று விலகுகிறாள்.

"இது நிஜம்மா," என்று இருமுகிறார்.

"தெரியும்." அவள் முகத்தில் சிரிப்பில்லை. "மூணு வாரத்தை வீணாக்கிட்டீங்க. படுங்க."