ஒன்பதாவது பிரபு

ரென்ஹோல்ட் பிரபு என்ற பட்டம் ஃபாரன்ட் குடும்பத்துக்கு வந்த கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முன்னூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு குளிர்காலம் முழுக்க ராஜாவோடு சீட்டாடி, ஒரு ஆட்டம்கூட ஜெயித்துவிடாமல் பார்த்துக்கொண்டார் முதல் ஃபாரன்ட். வசந்தம் வந்ததும் பிரபுவாக ஊர் திரும்பினார்.

அதன் பிறகு பட்டம் அப்பாவிடமிருந்து மூத்த மகனுக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. போன விதம்தான் கொஞ்சம் இடிக்கும். மூன்றாவது பிரபு மாடிப்படியில் உருண்டு விழுந்தார். அப்போது மேல்படியில் நின்றிருந்தவர் மகன். ஐந்தாவது பிரபு காளான் ஆம்லெட் சாப்பிட்டுப் போனார். காளான் பறித்து வந்தவர் மகன். ஆறாவது பிரபுவை அவருடைய மகனே மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். ஆறடி உயரத்தில், சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நின்ற மான். எதுவும் நிரூபணம் ஆகவில்லை. பெரிய இடத்து விவகாரத்தை யார் நோண்டுவார்கள்?

நோண்டுவதற்கு ஒருவர் வந்தார். யுத்தத்துக்கு முந்தைய ஒரு பிப்ரவரியில், செவ்வாய்க்கிழமை காலை, இன்ஸ்பெக்டர் பிக்ஃபோர்ட் மாளிகையின் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தார். அவரை வரவழைத்தவள் சமையற்காரி மிஸஸ் டக்கெட்.

“எட்டாவது பிரபுவையும் முடிச்சிடப் போறாங்க சார்,” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “பெரியவருக்கு எண்பத்தாறு வயசு. போன மாசம் இருமல்னு படுத்தார். மகன் ஹியூகோ லண்டன்லேருந்து வந்தார். வந்த கொஞ்ச நாள்ல நர்ஸை வீட்டுக்கு அனுப்பிட்டார். டாக்டரை வாசலோட திருப்பிட்டார். ரூம் சாவி இப்ப அவர் பாக்கெட்டுல.”

“அப்பாவை மகன் கவனிச்சுக்கறது குத்தமா என்ன?”

“கவனிக்கற லட்சணத்தைக் கேளுங்க. இந்தக் குளிர்ல அந்த ரூம்ல கணப்பு கிடையாது. நாலு ஜன்னலும் திறந்தே கிடக்கு. அந்தப் பக்கம் நடந்தாலே எனக்கு எலும்பு வரைக்கும் நடுங்குது. நிமோனியா வந்து தானா போயிட்டா விஷம் எதுக்கு சொல்லுங்க?”

“அவர் எம்.பி. ஆச்சே. அவருக்கென்ன குறை?”

“அதான் எனக்கும் வயித்தெரிச்சல். தினம் பேப்பர்ல அவர் படம்தான். இருக்கற பிரதமர் விலகறாராம், கட்சி இவரைத்தான் அந்த இடத்துக்குக் கொண்டுவரப் போகுதாம். அதுவும் பத்தலை, பட்டமும் வேணும். ஃபாரன்ட் ரத்தம் வேற எப்படி இருக்கும்?”

சொல்லிவிட்டு மிஸஸ் டக்கெட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாகப் பெரியவருக்குச் சமைத்துப் போட்டவள். அவர் ஒரு நாளும் அவளைக் கடிந்து பேசியதில்லை.

இன்ஸ்பெக்டர் மாடி ஏறினார். ஹியூகோ ஃபாரன்ட் ஓவர்கோட்டும் கழுத்தில் மஃப்ளருமாக அப்பாவின் அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“அப்பா தூங்கறார்.”

“ரெண்டே நிமிஷம் சார். சௌக்கியமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்.”

“வெள்ளிக்கிழமை வாங்க. நானே உள்ள கூட்டிட்டுப் போறேன்.”

“அதுவரைக்கும் இருப்பாரா?”

“இருப்பார்,” என்றார் ஹியூகோ வெடுக்கென்று. “அதைத்தானே நான் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

இன்னும் மூன்று நாளில் காரியத்தை முடித்துவிடத் திட்டம் என்று இன்ஸ்பெக்டருக்குப் புரிந்துவிட்டது. கோட்டுப் பையிலிருந்து சோதனை உத்தரவை எடுத்து நீட்டினார். ஹியூகோ அதை இரண்டு முறை படித்தார். பிறகு சாவியைக் கொடுத்தார்.

உள்ளே தண்ணீர் ஜாடி உறைந்து கிடந்தது. தலையணையில் சாய்ந்து, கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார் எட்டாவது பிரபு. இன்ஸ்பெக்டர் அவர் மணிக்கட்டைத் தொட்டார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

“எப்போ?”

“பதினொரு நாள் ஆச்சு.”

“எப்படிக் கொன்னீங்க?”

“நான் ஏன் கொல்லணும்? தூக்கத்துலயே போயிட்டார். எந்த டாக்டரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து காட்டுங்க.”

“அப்போ ஜன்னல்?”

“கெட்டுப் போகக் கூடாதில்ல?”

அதற்குள் பின்னாலேயே ஏறி வந்துவிட்ட மிஸஸ் டக்கெட், கட்டிலைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். அழுது முடித்து, ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டு வழக்கம் தவறாமல் ஹியூகோவின் பக்கம் திரும்பி முழங்கால் மடக்கி வணங்கினாள்.

“மை லார்ட்.”

அதைக் கேட்டதுதான் தாமதம், ஹியூகோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “கொலையும் பண்ணலை. பட்டமும் தானா வந்து பதினொரு நாள் ஆயிடுச்சு. ஊரைக் கூட்டிச் சொல்லிட்டு ஜம்முனு லார்டா உட்கார வேண்டியதுதானே? எதுக்கு சார் மறைச்சீங்க?”

“லார்ட் ஆன நிமிஷமே எம்.பி. பதவி போயிடும், பட்டம் வேண்டாம்னு சொல்லவும் சட்டத்துல வழியில்ல,” என்று விசும்பினார் ஒன்பதாவது ரென்ஹோல்ட் பிரபு. “கட்சி என்னைப் பிரதமரா தேர்ந்தெடுக்கப் போறது வியாழக்கிழமை, அதுவரைக்குமாவது அப்பாவை உயிரோட வெச்சிருக்கலாம்னு பார்த்தேன்.”