சர்வர் வரும்வரை

பைக்கின் முன்சக்கரம் மறுபடியும் வானத்தைப் பார்த்தது. ஓட்டி மல்லாந்து விழுந்தான்.

வெளியே ஹாலில் நாலைந்து பேர் 'ச்ச' என்று உச்சுக் கொட்டினார்கள். மேட்ச் ஓடுகிறது போல என்று எட்டு சார் நினைத்துக்கொண்டார். காலையில்தான் அங்கே புது டிவி மாட்டியிருந்தார்கள்.

டூவீலர் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களை மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்வதுதான் அவர் வேலை. பெயரும் அப்படி வந்ததுதான். ஓட்டும்போது கால் தரையில் பட்டால் ஃபெயில். மறுவாய்ப்பு ஒரு மாதம் கழித்து. தலைகீழாக நின்றாலும் மாற்ற மாட்டார்.

கம்ப்யூட்டரில் அந்தத் தொல்லை இல்லை. விழுந்தால் 'மறுபடியும்' என்று ஒரு பட்டன் வரும். அமுக்கினால் ஓட்டி ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்காருவான். அந்த மரப்பாலத்தைத்தான் தாண்ட முடியவில்லை. கொஞ்சம் அதிகம் அமுக்கினால் பின்னால் சாய்கிறான், கொஞ்சம் விட்டால் மூக்குக் குத்துகிறான்.

மதியம் ஆபீஸ் சர்வர் நின்றது நிஜம். அதை ஹாலில் சொல்லிவிட்டு வந்து, இன்டர்நெட்டில் இந்த விளையாட்டைத் திறந்தார். சர்வர் எப்போதோ திரும்பி வந்துவிட்டது. மூலையில் பச்சை விளக்கு எரிவதை அவரும் பார்த்தார். பாலத்தை மட்டும் தாண்டிவிடுவோமே என்று இருந்தது.

காத்திருப்பவர்களில் ஒருத்தி காலையில் ஃபெயிலானவள். முக்கால்வாசி எட்டை வழுக்கிக்கொண்டு போனவள், கடைசி வளைவில் செருப்பு நுனியைத் தரையில் உரசிவிட்டாள். திங்கட்கிழமை கூரியர் வேலையில் சேர வேண்டும், லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலை இன்னொருத்தருக்குப் போய்விடும் என்றாள். ஒரே ஒரு தடவை என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே கெஞ்சினாள். பட்டது பட்டதுதான் என்றுவிட்டார். மறுதேதி வாங்க உட்கார்ந்திருக்கிறாள்.

முன்சக்கரம் பாலத்தில் ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். பின்சக்கரமும் ஏறியது. தாண்டிவிட்டான்.

ஹாலில் கைதட்டல்.

அவருக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் விரல் தவற, ஓட்டி எல்லைக் கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் போய்க் குப்புற விழுந்தான்.

'ச்ச' என்றது ஹால்.

யார் அவுட் என்று கேட்கலாம் என எழுந்து கதவைத் திறந்தார்.

டிவியில் மேட்ச் இல்லை. சுவர் அகலத்துக்கு ஒரு பைக் கவிழ்ந்து கிடந்தது. கீழே 'மறுபடியும்'.

டோக்கன் போர்டு பழுது, உங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே டிவிக்கு ஒயர் இழுத்திருக்கிறேன் என்று மெக்கானிக் காலையில் சொன்னதும், அவர் காதில் வாங்காமல் தலையாட்டியதும் இப்போதுதான் ஞாபகம் வந்தன. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஹாலில் இருந்தவர்கள் அவரவர் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தார்கள். யாராவது திட்டித் தொலைக்கக் கூடாதா என்றிருந்தது.

ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தவள்தான் எழுந்தாள்.

"சர்வர் வந்துருச்சா சார்?"

குரலில் துளி கிண்டல் இல்லை. அதுதான் அவரைக் கூசவைத்தது.

"இப்பதாம்மா வந்துச்சு."

அவள் தலையாட்டிவிட்டு அவர் பின்னாலேயே அறைக்குள் வந்தாள். ஜன்னல் வழியே மைதானம் தெரிந்தது. கோன்களை இன்னும் எடுக்கவில்லை. வாம்மா, இன்னொரு தடவை ஓட்டிக் காட்டு என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், ஏன் சொல்கிறார் என்று ஹாலில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

விளையாட்டை மூடினார். மறுதேதிக்கான பக்கத்தைத் திறந்து, அடுத்த மாதத்துத் தேதி ஒன்றை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

திறந்திருந்த கதவுக்கு வெளியே, ஹாலில், நாலைந்து பேர் மெல்ல உச்சுக் கொட்டினார்கள்.