கேட்காமல் ஓடாது

“இந்தப் பெட்டிய நீயே வெச்சுக்க தம்பி. எனக்கு வேணாம்” என்று சுப்பன் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

போனிலிருந்தே கிணற்று மோட்டாரை ஓட்டும் பெட்டி அது. மாறன் திருவண்ணாமலையில் கடை போட்டு முதன்முதலாக விற்றது. நாலு மாதம் முன்பு கீழ்பென்னாத்தூருக்கே போய் மாட்டிக்கொடுத்திருந்தான்.

“அக்கா எப்படி இருக்காங்கண்ணே?”

“மூணு விரல் போனது போனதுதான். நான்தான் ஊட்டி உடறேன். வாயத் தொறக்கறா. என் முகத்த மட்டும் பாக்க மாட்டேங்கறா.”

பௌர்ணமியன்று சுப்பன் கிரிவலம் வந்திருந்தார். மனைவி வெள்ளையம்மாள் மோட்டாரில் சிக்கிய வைக்கோலை எடுத்துக்கொண்டிருந்தபோது அது திடீரென்று ஓடிவிட்டது.

“அடி அண்ணாமலை கோயில்கிட்ட ஒரே நெரிசல். போனை இடுப்புல சொருகியிருந்தேன், மோட்டார் பட்டன் அமுங்கிடுச்சு. பாவி நான், ஆஃப் பண்ணி வெச்சிருக்கலாம்.”

“போன் நேரா மோட்டாரைத் தொடாதுண்ணே. பெட்டிக்குள்ள இருக்கற பிராசஸர் எந்தப் புரோகிராமையும் மோட்டார்கிட்ட விடாது. கெர்னல்னு ஒரு காவல் இருக்கு. அதுகிட்ட கேக்கணும். யார் கேக்கறாங்கன்னு பாத்துட்டு அதுதான் ஓட்டும்.”

“அப்ப நான் கேக்காம ஓடியிருக்காது.”

மாறனுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“ஓடாதுண்ணே.”

சுப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எத்தினி மணிக்கு அமுங்குச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லு. அவகிட்ட எல்லாத்தையும் சொல்லி மன்னிப்பு கேக்கணும். இதுக்கு மேல என்னால முடியல.”

மாறன் பெட்டியை லேப்டாப்பில் இணைத்து, அன்றைய பதிவைத் திறந்தான். மாலை ஐந்து நாற்பதுக்கு மோட்டார் ஓடியிருந்தது. போனிலிருந்து எந்தக் கட்டளையும் வரவில்லை. அதே நொடியில், மழை அளவைக் குறித்துவைக்க மாறன் அதே பெட்டியில் எழுதிப்போட்ட புரோகிராம், நினைவகத்தில் தன் இடத்தை விட்டு, மோட்டாரை ஓட்டும் இடத்தில் போய் எழுதியிருந்தது.

“இன்னா தம்பி, எத்தினி மணி?”

பெட்டியை மாட்டிய அன்று ‘அனுமதி இல்லை’ என்றே திரும்பத் திரும்ப வந்த எரிச்சலில், எந்தப் புரோகிராமும் மோட்டாரைத் தொடலாம் என்று காவலைத் திறந்துவிட்டு, அப்புறம் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று வண்டியேறியது மாறனுக்கு நினைவு வந்தது.

“நீங்க தொடவே இல்லண்ணே” என்றான். “அக்காகிட்ட மன்னிப்பு கேக்க வேண்டியது நான்.”