இடது பக்கச் சத்தம்

"இடது பக்கம் ஒரே கரகரப்பு தம்பி. அதைச் சரி பண்ணினா போதும்," என்றாள் வீட்டுக்கார அக்கா.

வந்ததுமே டிவி மெக்கானிக்கின் கண் டிவிக்குப் பக்கத்தில் இருந்த வீடியோ கேம் பெட்டிக்குத்தான் போனது. மேலே கிடந்த டிஸ்க் உறையைப் பார்த்தான். அவனும் ஒரு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுகிற அதே கேம்.

"இதுல கடைசிக் கோட்டைதான்க்கா தண்ணி காட்டுது. அதைத் தாண்டினா தங்கக் கோப்பை. எங்க பசங்கள்ல ஒருத்தனும் வாங்கலை."

"நான் போன வாரம் வாங்கிட்டேன்."

அளக்கிறதுக்கும் ஓர் அளவு வேண்டாமா? சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவிட்சைப் போட்டான். கேமின் இசை கேட்டது. திரை மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது.

"அக்கா, படமே வரலையே. எப்பலேர்ந்து இப்படி?"

"அப்படியா? எனக்கெப்படிப்பா தெரியும்? பிறந்ததுலேர்ந்தே கண்ணு தெரியாது."

விரலால் தடவிக் கண்ட்ரோலரை எடுத்துப் பொத்தான்களைத் தட்டினாள். டிவியிலிருந்து ஒரு குரல் வாசித்தது: "கடைசிக் கோட்டை. தங்கக் கோப்பை பெறப்பட்டது."

"எப்படிக்கா?" என்றான்.

"அம்பு எந்தப் பக்கம் வருதுன்னு காதாலதான் பிடிக்கிறேன். இப்ப இடது பக்கம் வந்தா செத்தேன்," என்றாள்.

இடது ஸ்பீக்கரை மட்டும் மாற்றி முடித்ததும் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, அந்தக் கோட்டையை எனக்குச் சொல்லிக் குடுங்களேன்."

"படம் வேணாமா உனக்கு?"

"இத்தனை நாள் பார்த்து என்னத்தைக் கிழிச்சேன்?" என்று கண்களை இறுக மூடிக்கொண்டான்.